முன் இருக்கையில் அரிசி மூட்டை

என் மனைவி நாகேஸ்வரியைக் கடவுள் காலில் வண்டிச் சில்லுப் பூட்டித்தான் அனுப்பினார். எனக்குப் பூட்ட மறந்துபோனார். எங்கள் கலியாண வாழ்க்கை இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகலாம். ஆனால் அந்தக் காரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அவளைப் பற்றிச் சொன்னதாக ஆகாது.

எண்பத்தேழில் என்னைக் கட்டிக்கொண்டு சிட்னிக்கு வந்தவள். வந்ததிலிருந்து ஐந்து வீடு மாறியாயிற்று. ஹோம்புஷில் இரண்டு, பிறகு வென்ட்வர்த்வில், பெண்டில் ஹில், கடைசியாகத் துங்காபி. நான் புத்தக அலுமாரியை அடுக்கி முடிக்கிற நேரம் அவள் பத்திரிகையில் அடுத்த வீட்டு விளம்பரம் பார்த்துக்கொண்டிருப்பாள். கதிரையில் இருந்து அவள் தேத்தண்ணி குடித்ததை நான் கண்டதில்லை. குசினிக்கும் கராஜுக்கும் இடையில் நடந்தபடிதான் குடிப்பாள். வெறும் கோப்பையைப் பிறகு நான்தான் தேடவேண்டும். ஒருமுறை தபால் பெட்டிக்குள் இருந்து எடுத்தேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்கு அழவேண்டியதை இரண்டு பேரும் சேர்ந்து அழுது முடித்துவிட்டோம். அந்த அழுகை முடிந்த பிறகு அவளுடைய ஓட்டம் இன்னும் கூடிவிட்டது, நான் இன்னும் ஆழமாகக் கதிரைக்குள் இறங்கிவிட்டேன். நான் அரியரத்தினம், ரயில்வேயில் நேர அட்டவணை எழுதும் பிரிவில் வேலை. எந்த ரயில் எத்தனை மணிக்கு எங்கே போகவேண்டும் என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, நான் மட்டும் ஒரே மேசையில் இருபது வருடம் இருந்தவன்.

நாகேஸ்வரியின் முதல் வேலை கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில். காரின் அச்சை உடம்போடு பிணைக்கிற இரும்புத் தண்டுகளின் முனையில் ரப்பர் புஷ் என்று ஒன்று இருக்கும். இரும்போடு இரும்பு உரசாமல் நடுவில் கிடந்து அடி வாங்குவது அதன் வேலை. அந்தப் புஷ்களை அழுத்திப் பொருத்தும் மெஷினில் மூன்று வருடம் நின்றாள். பிறகு படித்து, முதியோர் இல்லமொன்றில் தாதியானாள். மெஷினை விட்டாளே தவிர, கார் விசர் அவளை விடவில்லை.

இரண்டாயிரத்தொன்றில் ஒருநாள் காலை எங்கள் கொரோலாவில் வேலைக்குப் போனவள், பின்னேரம் வேறொரு காரில் வந்து இறங்கினாள். எண்பத்தைந்தாம் ஆண்டு ஹோல்டன் கொமடோர். வி-எயிட் எஞ்சின். ஸ்டார்ட் பண்ணினால் எங்கள் வீட்டு யன்னல் கண்ணாடி அதிரும். கூட வேலை செய்பவரின் மகன் ஒருவன் வைத்திருந்தது. ஸ்பிரிங்கை மாற்றித் தரையோடு தரையாகப் பதித்து வைத்திருந்தான். ஒரு பூனை அதற்கடியில் போகவேண்டுமென்றால் படுத்துத்தான் போகவேண்டும்.

"இதென்னப்பா இது?" என்றேன்.

"கார்."

"அது தெரியுது. ஆற்ற கார்?"

"என்ர கார். கொரோலாவைக் குடுத்துப்போட்டு வாங்கினனான்."

"என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்லையே?"

"கேட்டா வேண்டாமெண்டு சொல்லுவியள். அதுதான் கேக்கேல்லை."

எங்கள் ஆட்கள் காசு இருந்தால் பென்ஸ் வாங்குவார்கள், இல்லாவிட்டால் கம்ரி வாங்குவார்கள். நாற்பது கடந்த பெண்பிள்ளை, பொடியன்மார் தெருவில் உறுமிக்கொண்டு திரிகிற காரை வாங்கிக் கொண்டாடினால் சனம் சும்மா இருக்குமா? 'நாகேஸ் அக்காவுக்கு விசர் தட்டிப்போட்டுது' என்று பேசினார்கள். அவள் காதில் அது விழுந்ததா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. விழுந்திருந்தாலும் எஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்காது.

அடுத்த வருடம் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனோம். அன்றைக்குத்தான் எனக்கும் அந்தக் காருக்கும் தெறித்தது. முன்னுக்கு நான், பின்னுக்குப் பட்டுச்சேலையோடு இரண்டு அன்ரிமார், டிக்கிக்குள் சர்க்கரைப் பொங்கல் கிடாரமும் ஒரு சாக்குத் தேங்காயும். பின்னால் எங்கள் நண்பன் சிறிதரன் தன்னுடைய கம்ரியில் வந்தான். ஹைவேயில் ஒன்றும் தெரியவில்லை. காட்டுக்குள்ளால் இறங்கி வளைவுகள் தொடங்கியதும் இடப்பக்கப் பின்சில்லில் இருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். ரயர் மட்காட்டைச் சுரண்டுகிறது. அன்ரிமார் முருகா முருகா என்றார்கள், போவது பெருமாள் கோயிலுக்கு என்பதை மறந்து.

நாகேஸ்வரி ஓரமாக நிறுத்தினாள். இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தாள், ரயரைத் தடவினாள், யோசித்தாள். பிறகு என் பக்கத்து யன்னலுக்கு வந்தாள்.

"இஞ்சருங்கோ, நீங்கள் ஒருக்கா இறங்கிச் சிறியற்ற காரில வாறியளே?"

இறங்கினேன். கம்ரியில் ஏறினேன். கொமடோர் அதன் பிறகு ஒரு முனகலும் இல்லாமல், விட்டது சனி என்று பறந்தது. கோயிலில் அன்னதானம் சாப்பிடும்போது சிறிதரன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "அரி அண்ணையை இறக்கின உடன கார் என்ன பறவை பறந்தது தெரியுமே!" எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு வடை தொண்டைக்குள் நின்றுவிட்டது. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். வந்தால் இலேசில் இறங்காது. அன்றைக்குத் திரும்பி வரும்போதும் கம்ரியில்தான் வந்தேன்.

"விசர்க் கதை கதையாதையுங்கோ. பிழை காரில, உங்களிலயில்லை," என்று அவள் வீட்டில் விளக்கம் சொன்னாள். பின் அச்சுக்கும் காரின் உடம்புக்கும் குறுக்கே ஒரு தண்டு இருக்கிறதாம். அச்சை நடுவில் வைத்திருப்பது அதுதானாம். காரைப் பதித்தால் அந்தத் தண்டு அச்சை ஒரு பக்கமாகத் தள்ளுமாம். பாரம் ஏற ஏற இன்னும் தள்ளுமாம். வேறு தண்டு வாங்கிப் பூட்டினால் சரிவருமாம். நான் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"என்ர பாரம் உமக்குக் கூடவெண்டால் நான் ரெயினில போறன்," என்றேன். சொன்னபடியே செய்தேன். ரயில்வேக்காரனுக்கு இலவச பாஸ் இருக்கிறது. அந்தக் காரில் பிறகு நான் கால் வைக்கவே இல்லை.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. இரண்டாயிரத்து நான்கு மாசி மாதம், ஒரு பின்னேரம், தேத்தண்ணிக் கோப்பையோடு நடந்தபடியே சொன்னாள். மெல்பேர்னில் அவளுடைய தம்பி வாசுதேவன் இருக்கிற கிரான்பர்னில் புதிதாக ஒரு முதியோர் இல்லம் திறக்கிறார்களாம். தலைமைத் தாதி வேலை அவளுக்குக் கிடைத்துவிட்டதாம். ஈஸ்டர் முடிந்த கையோடு தொடங்கவேண்டுமாம்.

"போவம்," என்றாள். "எனக்கு இஞ்ச நிண்டு நிண்டு கால் மரத்துப்போச்சு."

"நான் வரமாட்டன்."

"ஏன்?"

"ஏனெண்டால் வரமாட்டன்."

"அப்ப நான் போறன்."

"போம். உம்மை ஆர் மறிச்சது?"

கதை அவ்வளவுதான். அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. நான் இரண்டாம் முறை யோசித்ததாகக் காட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேசையில் இருந்தால் எழும்ப வேண்டும்போல் இருக்கும், எழும்பினால் எங்கே போவதென்று தெரியாது. எந்த ரயிலை எங்கே விட்டேன் என்றே மறந்து, ஒரு ரயிலை லித்கோ ஸ்டேசனில் நிறுத்தித் திருப்பி எடுக்காமல் விட்டுவிட்டேன், நல்லவேளை, கடதாசியில்தான். அவள் போய்விட்டால் திரும்பி வருவாளா? அதைக் கேட்க வாய் வரவில்லை. கேட்டு, வரமாட்டன் என்று சொல்லிவிட்டால்? எனக்கு அவள் வேண்டும். நாற்றம் பிடித்த எஞ்சின் ஒயில் கையோடு, தபால் பெட்டிக்குள் கோப்பையை வைக்கிற அந்தப் பெண்பிள்ளை எனக்கு வேண்டும். அதைச் சொல்லத்தான் நாக்கு எழும்பவில்லை. 'போம்' என்று சொன்ன நாக்கல்லவா!

பங்குனியில் நீளமான அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின. ஹோலில் தொலைக்காட்சிக்கு முன்னால் கிடந்தன. நான் அவற்றைத் தாண்டித் தாண்டித்தான் என் கதிரைக்குப் போகவேண்டியிருந்தது. ஒருநாள் அவள் இல்லாத நேரம் ஒன்றைத் திறந்து பார்த்தேன். பின் அச்சுக்கான தண்டுகள், கம்பனியில் வந்ததை விடத் தடித்தவை, நல்ல சிவப்பு நிறம். ஒன்றின் நடுவில் திருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி நட் இருந்தது. நெடுந்தூரப் பயணத்துக்குக் காரைத் தயார்ப்படுத்துகிறாள். யார் பயணம்? அவளுடைய பயணம். பெட்டியை மூடிவிட்டு அன்றைக்கு வீட்டை எத்தனை தரம் சுற்றினேனோ தெரியாது.

பெரிய வெள்ளிக்கு முதல்நாள் ஹரிஸ் பார்க் கடைத்தெருவுக்குப் போய் வந்தவள், வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ, ஒருக்கா ஒரு கை தாங்கோ."

டிக்கியைத் திறந்தால் அரிசி. இருபது கிலோ மூட்டை நான்கு, ஐந்து கிலோப் பை ஒன்று. இரண்டு பேர் இருக்கிற எங்கள் வீட்டில் ஒரு மூட்டை முடிய மாதக்கணக்காகும். அதுவும் எனக்குச் சலரோகம் என்கிற சீனி வருத்தம் வந்த நாளிலிருந்து இரவில் சோறு கிடையாது.

"ஏன் இவ்வளவு?" என்றேன்.

"தேவைக்குத்தான்," என்றாள்.

மூட்டைகளைக் கராஜுக்குள் இறக்கி வைக்கும்போதுதான் விளங்கியது. எனக்குத்தான் வாங்கியிருக்கிறாள்! தனியாக இருக்கப்போகிற மனுசனுக்கு ஒரு வருடத்துச் சாப்பாடு. திரும்பி வரமாட்டேன் என்பதை வாயால் சொல்லாமல் அரிசியால் சொல்கிறாள். இதை விட நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். பெரிய வெள்ளி முழுக்க நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். நான் அறைக்கு அறை நடந்தேன். எங்கள் வீட்டில் நான் நடந்து அவள் ஒரு இடத்தில் இருந்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை காலை வீட்டுப் பக்கத்துக் கூரைக்குக் கீழே இரும்புச் சத்தம் தொடங்கியது. கார் ஜாக்கில் ஏறி நின்றது. என்னுடைய பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு நாகேஸ்வரி காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். அடுத்த வீட்டுச் சார்லி, மோல்டாத்தீவுக்காரன், எங்கள் குசினிக் கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டு இருந்துகொண்டு ஸ்பனர் எடுத்துக் கொடுத்தான். கார்களின் அடிப்பாகத்தைத் திருத்தியே சீவியம் நடத்தியவன். இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டதால் வாயால் மட்டும் வேலை செய்கிறான். ஆள் முருங்கைக்காய். பக்கவாட்டில் நின்றால் காணக் கிடையாது.

எனக்கு உள்ளே இருக்க முடியவில்லை. முதலில் குப்பைப் பையைப் போட வெளியே வந்தேன். பழைய தண்டுகளைக் கழற்றித் தரையில் போட்டிருந்தாள். துருப் பிடித்து, புஷ் எல்லாம் வெடித்துக் கிடந்தன. பிறகு தபால் பார்க்க வந்தேன். சனிக்கிழமை தபால் வராது என்பது எனக்கும் தெரியும், சார்லிக்கும் தெரியும். அவன் தொப்பியைச் சரிசெய்தான். சிவப்புத் தண்டுகள் ஏறியிருந்தன. அவளுடைய கை மட்டும் வெளியே வந்து தரையைத் தடவிச் சுத்தியலைத் தேடியது. எடுத்துக் கொடுக்கலாம் என்று குனிந்தேன். அதற்குள் சார்லி காலால் தள்ளிவிட்டான். நான் குனிந்ததை மறைக்கச் செருப்பைத் துடைத்தேன்.

மூன்றாம் முறை வரும்போது ஒரு சாட்டும் மிச்சமில்லை. சும்மா வந்தேன். கார் ஜாக்கில் இருந்து இறங்கி, நான்கு சில்லும் தடித்த மரக்கட்டைகளில் நின்றது. டிக்கிக்குள் அவளுடைய பெட்டிகள் ஏற்றியாயிற்று. ஸ்ரியறிங்குக்கு முன்னால் சார்லி இருந்தான். பக்கத்து இருக்கையில் அரிசி மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, உச்சியில் அந்தச் சின்னப் பை. எல்லாவற்றையும் சேர்த்து சீற் பெல்ற் போட்டிருந்தாள்.

"என்ன கூத்து இது, சார்லி?" என்று கேட்டேன்.

புஷ் முறுக்கும்போது கார் தொங்கக் கூடாதாம். தன் சில்லில் நிற்கவேண்டுமாம், அதில் போகிற ஆட்களின் பாரத்தோடு. அப்படி வைத்து முறுக்கினால்தான் ரப்பர் முறுகாமல் கிடக்கும், அச்சும் நடுவில் நிற்கும் என்றான். அவனும் நாகேஸ்வரியும் ஒரே நிறையாம். அதனால் அவளுக்குப் பதில் அவன் இருக்கிறானாம்.

"அப்ப இந்த அரிசி?"

"அதுதான் கூடப் போகிற ஆள்," என்றான். "எண்பத்தைந்து கிலோ என்று நேஷ் சொன்னாள்." அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

நான் எழுபத்தினாலு கிலோ. டொக்டரிடம் சொல்வது அதுதான், விமானத்தில் கேட்டாலும் அதுதான், சலரோகக் கிளினிக்கில் அவள் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னதும் அதுதான். அப்படியென்றால் எண்பத்தைந்து கிலோவில் இவளோடு மெல்பேர்னுக்குப் போகப்போகிறவன் எவன்?

வீட்டுக்குள் போனேன். மண்டைக்குள் பூச்சி பறந்தது. தம்பி வாசுதேவன் கூட்டிப்போக வருகிறானா? அவன் ஊதினால் விழுகிற ஆள். சிறிதரனா? அவனுக்கு வயிறு இருக்கிறது, ஆனால் அவன் கம்ரியை விட்டு இறங்கமாட்டான். வேலைத்தலத்தில் யாராவதா? அங்கே ஒரு டொக்டர் இருக்கிறார், நல்ல உயரம், அவளுடைய காரைப் பார்த்துக் கை தட்டினாராம் என்று ஒருநாள் சொன்னாள். சீ! என்ன மனம் இது என்று என்னை நானே ஏசினேன். ஏசி முடிந்ததும் அந்த டொக்டர் எத்தனை கிலோ இருப்பார் என்று யோசித்தேன்.

முகத்தைக் கழுவக் குளியலறைக்குப் போனேன். பேசினுக்குக் கீழே நிறை பார்க்கிற தராசு கிடந்தது. எனக்குச் சலரோகம் என்று தெரிந்த கிழமை அவள் வாங்கி வைத்தது. நான் அதில் தோய்க்கிற உடுப்புக் கூடையை வைப்பதுதான் வழக்கம். என்ன நினைத்தேனோ, கூடையைத் தள்ளிவிட்டு ஏறி நின்றேன்.

முள்ளு எண்பத்தைந்தில் போய் நின்றது.

செருப்பைக் கழற்றினேன். மணிக்கூட்டைக் கழற்றினேன். கண்ணாடியைக் கழற்றினேன், அதனால் முள்ளுச் சரியாகத் தெரியாமல் போனதே தவிர, இறங்கவில்லை. எண்பத்தைந்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு எத்தனை வருடம் திரிந்திருக்கிறேன்! எழுபத்தினாலு என்பது நான் எந்தக் காலத்தில் பார்த்த நிறை என்றே எனக்கு நினைவில்லை.

குளியல் தொட்டி விளிம்பில் இருந்து அழுதேன். சொல்ல வெட்கமில்லை. இரண்டு மாதமாக முகம் பார்த்துக் கதைக்காதவள், நான் வரமாட்டன் என்று அடித்துச் சொன்ன பிறகும், என் பாரத்தைக் கடையில் வாங்கி, முன் இருக்கையில் ஏற்றி, பெல்ற்றும் போட்டு வைத்திருக்கிறாள். நான் என்னவோ டொக்டரை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனேன். சார்லி ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தான். காருக்கு அடியில் இருந்து அவளுடைய கால்கள் மட்டும் தெரிந்தன.

"நாகேஸ்," என்றேன்.

"என்ன?"

"உந்தத் தராசு பிழை."

ஸ்பனர் சத்தம் நின்றது. "எவ்வளவு காட்டினது?"

"எண்பத்தஞ்சு."

"தராசு சரி."

"நான் எழுபத்தினாலெண்டெல்லோ சொன்னனான்."

"நீங்கள் ஆயிரம் சொல்லுவியள். உங்களுக்குச் சோறு போடுறது நானெல்லோ."

"நான் வரமாட்டன் எண்டும் சொன்னனான்," என்றேன்.

"ஓம், சொன்னனீங்கள்." குரல் காரின் வயிற்றுக்குள் இருந்து வந்தது, முகம் தெரியாததால் அவளுக்கும் சொல்ல இலகுவாக இருந்திருக்கும். "எண்டாலும் நீங்கள் இல்லாமல் முறுக்க எனக்கு மனம் வரேல்லை. வராட்டிக் கார் கொஞ்சம் ஒரு பக்கம் இழுக்கும். இழுக்கட்டுமெண்டு நினைச்சனான்."

கதவைத் திறந்து பெல்ற்றைக் கழற்றி, சின்னப் பையை முதலில் எடுத்தேன். பிறகு மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிச் சுவரோரம் வைத்தேன். சலரோகக்காரனுக்கு மூச்சு வாங்கியது. தலையைக் குனிந்து, அந்தப் பதிந்த காருக்குள் இரண்டு வருடத்துக்குப் பிறகு இறங்கி இருந்தேன். சார்லி கண்ணைத் திறந்தான். என் தொடையில் ஓங்கி ஒரு அடி போட்டான்.

"ஆர் ஆட்டுறது?" என்று கீழே இருந்து சத்தம். "குறுக்குத் தண்டின்ர நட் ஒண்டு மிச்சம் கிடக்கு. முறுக்கி முடியுமட்டும் அசையாதையுங்கோ!"

"அசையாமல் இருக்கிறது எனக்குப் புதிசே?" என்றேன்.

அவள் சிரித்தது கேட்டது. கோயிலில் சிரித்த அதே சிரிப்புத்தான். இந்த முறை எனக்கு வலிக்கவில்லை. ஸ்பனர் 'டக்' என்று ஒருமுறை பிடித்தது, பிறகு இன்னொரு முறை. கார் இலேசாக நடுங்கி அடங்கியது.

"நாகேஸ், எனக்கு இருபது வருசத்து லோங் சேர்விஸ் லீவு முழுக்கக் கிடக்கு. ஒரு நாளும் எடுக்கேல்லை."

"தெரியும்."

"செவ்வாய்க்கிழமை மனேச்சருக்கு அங்க இருந்து ஃபோன் எடுக்கலாம். நாலைஞ்சு மாதம் வரும்."

"பிறகு?"

"பிறகு பாப்பம்."

அவள் வெளியே ஊர்ந்து வந்தாள். நெற்றியில் ஒயில், கன்னத்தில் துரு, கண் சிவந்திருந்தது. துருத்தூள் விழுந்ததென்று சொன்னாள். நானும் எனக்குச் சவர்க்காரம் பட்டதென்று சொன்னேன். அவள் நம்பினாளோ தெரியாது, நான் நம்பவில்லை.

அடுத்த நாள் ஈஸ்டர் ஞாயிறு. விடிய வெளிக்கிட்டோம். அவள் வீட்டைப் பூட்டி, காஸை நிறுத்தி, தண்ணீரை நிறுத்தி ஓடித் திரிகிற நேரத்தில் நான் என் பெட்டியை டிக்கிக்குள் வைத்தேன். சுவரோரம் அரிசி மூட்டைகள் நின்றன. பூட்டிய வீட்டில் விட்டால் வண்டு பிடித்துவிடும். அதோடு மச்சான் வாசுதேவன் வீட்டில் முதல்முதல் குடியிருக்கப் போகிறோம். வெறுங்கையோடு போனால் என்ன நினைப்பான்? இதைக் கேட்டுச் செய்ய என்ன இருக்கிறது? எல்லா மூட்டையையும் தூக்கி டிக்கிக்குள் அடைத்து மூடினேன்.

அவள் வந்து ஏறினாள். எஞ்சின் உறுமியது. சார்லியின் வீட்டைத் தாண்டி, தெரு முனையில் இடப்பக்கம் திருப்பினாள்.

'கர்ர்ர்.'

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். ஹெலன்ஸ்பர்க் காடும், சிறிதரனின் வாயும், வடையும் எல்லாம் ஒரு கணத்தில் திரும்பி வந்தன. அவள் பிரேக் போட்டு ஓரமாக நிறுத்தினாள். என்னுடைய கை தானாகக் கதவுப் பிடிக்குப் போய்விட்டது. இறங்கத்தானே வேண்டும். கோபம்கூட வரவில்லை.

"நான் இறங்கிறன்..." என்று தொடங்கினேன்.

"நீங்கள் இருங்கோ," என்றாள்.

இறங்கிப் பின்னால் போனாள். டிக்கி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். டிக்கி மூடிக்குப் பக்கத்தால் தலையை நீட்டி, இடுப்பில் கை வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நானில்லை," என்றேன். "அரிசி."

காரைப் பின்னுக்கு எடுத்தாள். சார்லியின் வாசலில் நிறுத்தி, மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் அவன் படியில் வைத்தாள். நான் உதவ எழும்பினால், "இருங்கோ எண்டெல்லே சொன்னனான்!" என்று அதட்டினாள். சார்லி உள்பெனியனோடு கதவைத் திறந்து, ஈஸ்டர் காலையில் தன் வாசலில் நிற்கிற எண்பது கிலோ அரிசியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான். கடைசியாக அந்த ஐந்து கிலோப் பையைக் கையில் வைத்து யோசித்தாள். அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"வெறுங்கையோட போகக் கூடாதுதான்," என்றாள்.

பெல்ற்றைப் போட்டுக்கொண்டாள். எத்தனை வருடமாக உப்பைக் குறையுங்கோ, சீனியைக் குறையுங்கோ, உடம்பைக் குறையுங்கோ என்று என் உயிரை எடுத்தவள், என்னைத் திரும்பிப் பார்த்து விரலை ஆட்டினாள்.

"உங்களை வைச்சு முறுக்கியிருக்கிறன். இனி ஒரு கிலோவும் குறையக் கூடாது, சரியே?"

"ஓம்," என்றேன்.

மறுபடியும் அதே முனையில் இடப்பக்கம் திரும்பினோம். எஞ்சின் சத்தம் மட்டும்தான் கேட்டது.